மிஸேரியா: போலந்து வெள்ளரிக்காய் சாலட் நீர்த்துப் போகாமல் செய்வது எப்படி?

போலந்து நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில் வெள்ளரிக்காயும் கிரீமும் கலந்த சாலட் ஒன்றைச் சாப்பிட்டதாகவும், ஊருக்குத் திரும்பியபின் அதையே தயிர் ஊற்றிச் செய்து பார்த்தபோது அரை மணி நேரத்துக்குள் கிண்ணம் முழுவதும் தண்ணீராகிவிட்டதாகவும், சுவையும் நம் வெள்ளரிக்காய்ப் பச்சடியைப் போலவே இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். தவறு எங்கே நேர்ந்தது, அந்தச் சாலட்டின் பெயர் என்ன, முறையான செய்முறை என்ன, மிஞ்சினால் என்ன செய்வது, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அதைச் செய்ய முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். செய்ய முடியும், நன்றாகவே செய்ய முடியும். க்ராகோவ் நகரில் சில ஆண்டுகள் வசித்தபோது, நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டியின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட முறையை வைத்தும், பிறகு சென்னையில் பல கோடைகளாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவற்றை வைத்தும் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் சாப்பிட்டதன் பெயர் மிஸேரியா. மெல்லிய வில்லைகளாக நறுக்கிய வெள்ளரிக்காய், உப்பு, புளித்த பாலேடு (சவர் கிரீம்), சிறிது எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர், ஒரு சிட்டிகைச் சர்க்கரை, பொடியாக நறுக்கிய சதகுப்பைக் கீரை (ஆங்கிலத்தில் டில்), மிளகுத்தூள் ஆகியவையே அதன் மொத்தப் பொருள்கள். அடுப்பு தேவையில்லை, தாளிப்பு கிடையாது. பொருள்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் ஒவ்வொன்றின் தரமும், அதைச் சேர்க்கும் நேரமும் முடிவைப் பெரிதும் மாற்றிவிடுகின்றன. குழம்பில் ஒரு பொருள் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் மற்றவை அதை ஈடுகட்டிவிடும். மிஸேரியாவில் அப்படி ஈடுகட்ட எதுவும் இல்லை.

உங்கள் கிண்ணத்தில் நடந்ததை முதலில் விளக்கிவிடுகிறேன், ஏனெனில் செய்முறையின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. வெள்ளரிக்காயின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். நறுக்கிய வில்லையின் மேல் உப்புப் பட்டதும், வெளியே உப்புச் செறிவு கூடி, செல்களுக்குள் இருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியே வரத் தொடங்குகிறது. தயிரில் வெள்ளரிக்காயைப் போட்டு அதிலேயே உப்பையும் சேர்த்தால், இந்த நீர் முழுவதும் தயிருக்குள்தான் இறங்கும். தயிரில் ஏற்கெனவே இருக்கும் நீரும் அதனோடு சேர்ந்துகொள்ளும். பச்சடிக்கு இது பெரிய குறையில்லை, சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறோம். மிஸேரியாவிலோ கிரீம் வில்லைகளின்மேல் போர்வைபோல் படிந்திருக்க வேண்டும், தட்டில் உருளைக்கிழங்குக்கும் இறைச்சிக்கும் நடுவே ஓடக் கூடாது. ஆகவே அந்த நீரைக் கிரீம் சேர்ப்பதற்கு முன்பே வரவழைத்து வெளியேற்றிவிட வேண்டும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

இனி வெள்ளரிக்காய். போலந்தில் இரண்டு வகைகள் பரவலாக விற்கப்படுகின்றன. ஒன்று, கண்ணாடிக் கூடங்களில் ஆண்டு முழுவதும் விளையும், நீண்ட, வழவழப்பான தோலுடைய வகை. மற்றொன்று, திறந்த வயலில் கோடையில் மட்டும் விளையும், குட்டையான, தோலில் சிறு முண்டுகள் உள்ள வகை; இதை ‘ஒகுரெக் க்ருந்தோவி’, அதாவது நிலத்து வெள்ளரி என்பார்கள். ஊறுகாய்க்கும் இதுவே உகந்தது. கோடை மாதங்களில் சந்தைக்குப் போனால் இந்த நிலத்து வெள்ளரிகள் குவியல் குவியலாகக் கிடக்கும். தண்டோடு பூத்த சதகுப்பைக் கொத்துகளையும், பூண்டையும், குதிரைமுள்ளங்கி இலையையும் சேர்த்தே வாங்கிப் போய்ப் பெரிய கண்ணாடிச் சாடிகளில் உப்புநீரில் ஊறப் போடுவார்கள். செய்திகள் வற்றிப்போய் எல்லாரும் விடுமுறையில் இருக்கும் கோடைக்காலத்துக்குப் போலந்து மொழியில் ‘வெள்ளரிக்காய்ப் பருவம்’ என்றே பெயர். மிஸேரியாவுக்கு நிலத்து வெள்ளரியின் மணம்தான் உயர்ந்தது என்று அந்த மூதாட்டி உறுதியாக நம்பினார். நானும் அதையே நம்புகிறேன். குளிர்காலத்தில் கிடைக்கும் நீள வகையில் மணம் குறைவு, நீரும் சற்று அதிகம், ஆனால் விதை மிகச் சிறியது என்பதால் வேலை எளிது.

நம் ஊரில் இதற்கு எது ஏற்றது? தோல் கரும்பச்சையாக, நீளமாக, பிளாஸ்டிக் உறையில் சுற்றி விற்கப்படும் வகை கிடைத்தால் அதை எடுக்கலாம். அதைவிட, சாதாரணக் காய்கறிக் கடையில் கிடைக்கும் பச்சை வெள்ளரியில் இளசாகப் பொறுக்கி எடுப்பதையே நான் விரும்புகிறேன். கையில் எடுத்தால் கல்போல் கெட்டியாக இருக்க வேண்டும். நுனியை அழுத்தினால் குழியக் கூடாது. நடுப்பகுதி உப்பி மஞ்சள் படர்ந்திருந்தால் உள்ளே விதை முற்றியிருக்கும், அதை விட்டுவிடுங்கள். முற்றிய காய்தான் கையில் இருக்கிறதென்றால் நீளவாக்கில் பிளந்து, விதைச் சதையைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, மிஞ்சியதை அரைவட்ட வில்லைகளாக நறுக்கலாம். வட்ட வில்லையின் அழகு போய்விடும், சுவை கெடாது. கோடையில் சாலையோரங்களில் கட்டுக் கட்டாக விற்கும் வெள்ளரிப்பிஞ்சு இதற்கு ஏற்றதன்று. அதன் சதை வேறு விதமாக இருக்கும், மெல்லியதாக நறுக்கி உப்பிட்டால் துவண்டு நாராகிவிடுகிறது.

கசப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெள்ளரியின் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்னும் பொருள். அது காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் தங்கும். செடி வெயிலாலும் நீர்ப் பற்றாக்குறையாலும் வாடும்போது அது கூடும். காம்பு முனையை வெட்டி, வெட்டிய துண்டாலேயே நுரை வரும்வரை தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நான் அதைவிட நம்புவது, காம்புப் பக்கம் இரண்டு விரற்கடை அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு, தோலைச் சற்று ஆழமாகச் சீவி, ஒரு வில்லையை வாயில் போட்டுப் பார்ப்பதை. பூ முனையிலிருந்து காம்பு நோக்கிச் சீவ வேண்டும் என்பது அந்த மூதாட்டியின் கட்டளை. எதிர்ப்பக்கமாகச் சீவினால் கத்தி கசப்பைக் காய் முழுவதற்கும் இழுத்துச் சென்றுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். ஒவ்வொரு காயையும் தனித்தனியாகச் சுவைத்துப் பாருங்கள். ஒரே ஒரு கசப்புக் காய் கிண்ணம் முழுவதையும் கெடுத்துவிடும், சர்க்கரையோ கிரீமோ அதை மறைக்காது. மிகக் கடுமையாகக் கசக்கும் காயைச் சாப்பிடாமல் எறிந்துவிடுவதே நல்லது; அந்தப் பொருள் அளவு மிஞ்சினால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

தோலை முழுவதும் சீவுவதா, வரிவரியாகச் சீவுவதா, அப்படியே விடுவதா என்பதில் போலந்து வீடுகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. பழைய முறை, முழுவதும் சீவுவது. இளம் நிலத்து வெள்ளரியாக இருந்தால் தோலை விட்டுவைப்பவர்களும் உண்டு. நம் ஊர்க் காய்க்குத் தோல் சற்றுத் தடிமன் என்பதால் சீவிவிடுங்கள். நறுக்கும் தடிமன்தான் இங்கே முக்கியம். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் போதும். வில்லையைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து விரலின் நிழல் தெரிய வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பயன்படுத்தும் சீவல் கட்டை இருந்தால் ஐந்து நிமிட வேலை. அதில் காயின் கடைசி இரண்டு அங்குலத்தைக் கையால் பிடித்துச் சீவ முயலாமல், கத்தியால் நறுக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசித் துண்டில்தான் விரல் வெட்டுப்படும்.

இப்போது உப்பு. அரைக் கிலோ வெள்ளரிக்காய்க்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது ஆறு கிராம் அளவு போதும். வில்லைகளை அகன்ற பாத்திரத்தில் போட்டு, உப்பைத் தூவி, எல்லா வில்லைகளிலும் படும்படி கையால் மென்மையாகப் பிசறி, இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் வில்லைகளின்மேல் வியர்வைபோல் முத்து முத்தாக நீர் அரும்பும். பத்தாவது நிமிடத்தில் பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் நீர் ஓடுவது தெரியும். இருபதாவது நிமிடத்தில் ஒரு வில்லையை எடுத்து மடித்துப் பாருங்கள். ஒடியாமல் வளைய வேண்டும். அதுதான் அடையாளம்.

அந்த மூதாட்டி இந்த இடத்தில் செய்ததை நான் இன்னும் கண்முன் பார்க்கிறேன். ஊறிய வில்லைகளை ஒரு கைப்பிடி அளவுக்கு அள்ளி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, பனிக்கட்டி உருண்டை பிடிப்பதுபோல் மெல்ல அழுத்துவார். முறுக்கமாட்டார். பச்சை கலந்த தெளிந்த நீர் மணிக்கட்டு வழியாக வழிந்து கிண்ணத்தில் விழும். ஒழுக்கு நின்று சொட்டாக மாறியதும் கையைத் திறந்து, அந்த உருண்டையை வேறு பாத்திரத்தில் உதிர்த்துவிடுவார். முதல் முறை நான் செய்தபோது நன்றாகப் பிழிய வேண்டும் என்ற ஆர்வத்தில் துணியில் கட்டி முறுக்கிவிட்டேன். வில்லைகள் கிழிந்து, சதையெல்லாம் துணியில் ஒட்டிக்கொண்டு, மிஞ்சியது துவையலுக்கு அரைத்ததுபோல் ஆகிவிட்டது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளரிக்காய் தன் நீரைக் கொடுக்க வேண்டும், நாம் பிடுங்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். அரைக் கிலோவிலிருந்து கால் டம்ளருக்குக் குறையாமல், சில சமயம் அரை டம்ளர் அளவுக்குக்கூட நீர் வரும். உங்கள் தயிருக்குள் இறங்கியது அந்த நீர்தான்.

பிழிந்த நீரோடு உப்பின் ஒரு பகுதியும் போய்விடுகிறது. ஆனாலும் வில்லைகளில் தேவையான அளவு தங்கியிருக்கும், ஆகவே கிரீமில் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம். எல்லாம் கலந்தபின் சுவைத்துப் பார்த்துத் தேவையானால் மட்டும் சேர்க்கலாம். வில்லைகளைக் கழுவவும் வேண்டாம். கழுவினால் விரட்டிய நீரை மறுபடி உள்ளே அழைத்ததாகிவிடும்.

போலந்தில் உப்பிடாமலே செய்பவர்களும் கணிசமாக உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உப்பிட்டுப் பிழிந்தால் காயின் மொறுமொறுப்புப் போய்விடுகிறது, பிழிந்த நீரோடு மணமும் போய்விடுகிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. வில்லைகளைக் குளிர வைத்து, மேசைக்கு எடுத்துப் போகும் நிமிடத்தில் கிரீமும் உப்பும் கலந்து, ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிடுவதானால் அந்த முறையும் சுவையானதுதான். ஆனால் முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள நம் ஊர்ச் சமையலறையில், விருந்தினர் வந்து உட்காரும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாத வீட்டில், உப்பிட்டுப் பிழிவதையே நான் பரிந்துரைப்பேன். தவிர, பிழிந்த வில்லைக்கு ஒரு தனிப் பதம் உண்டு. அது மொறுமொறுப்பில்லை, ஆனால் பட்டுத்துணிபோல் வழுக்கி, பல்லில் பட்டதும் ஒரு சிறு எதிர்ப்புக் காட்டிவிட்டு அடங்கும். எனக்கு அதுதான் மிஸேரியா.

அடுத்தது கிரீம். உங்கள் சாலட் பச்சடியாகிவிட்டதற்கு முழுக் காரணம் இங்கேதான் இருக்கிறது. போலந்தில் இதற்குப் பயன்படுத்துவது ‘ஷ்மியெத்தானா’ எனப்படும் புளித்த பாலேடு. கடைகளில் கொழுப்பளவைப் பெரிய எண்ணில் அச்சிட்ட சிறு டப்பாக்களில் விற்பார்கள். மிஸேரியாவுக்குப் பெரும்பாலும் 18 சதவீதக் கொழுப்புள்ளதையே எடுப்பார்கள், 12 சதவீதத்தில் செய்பவர்களும் உண்டு. போலந்தில் வசிக்கும் நம்மவர்கள் கடையில் அடிக்கடி ஏமாறுவது ஓர் எழுத்தில்: ‘ஷ்மியெத்தான்கா’ என்று இருந்தால் அது புளிக்காத இனிப்புப் பாலேடு, காப்பிக்கும் கேக்குக்கும் உரியது. சாலட்டுக்கு வேண்டியது ‘கா’ என்று முடியாத ஷ்மியெத்தானா.

தயிருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு புளிப்பில் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. நம் வீட்டுத் தயிரில் மூன்று முதல் ஆறு சதவீதம் கொழுப்பு இருக்கலாம்; மீதி பெரும்பாலும் நீரும் புரதமும். புரத வலை கரண்டி பட்டதும் உடைந்து நீரை விட்டுவிடுகிறது. 18 சதவீதக் கொழுப்புள்ள பாலேட்டில் கொழுப்புத் துகள்கள் அந்த வலைக்குள் அடைந்து நின்று நீரைப் பிடித்துவைக்கின்றன. அமிலம் சேர்ந்தாலும் எளிதில் திரிந்து பிரிவதில்லை. நாக்கிலும் தயிரின் புளிப்பு உடனே வெட்டி நிற்கும், பாலேட்டின் புளிப்போ கொழுப்பில் பொதிந்து மெல்லத் தெரியும். வெள்ளரியின் மென்மையான மணம் இந்த இரண்டாவது வகைப் புளிப்புக்குப் பின்னால்தான் தாக்குப்பிடிக்கிறது.

நம் ஊரில் புளித்த பாலேடு எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. பெரிய நகரங்களில் சவர் கிரீம் என்ற பெயரில் விற்கிறார்கள், கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், அதற்குத் திறமை எதுவும் வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் 200 மில்லியை வெதுவெதுப்பாக மட்டும் சூடாக்கி, புளிக்காத கெட்டித் தயிர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து நன்றாகக் கலந்து, மூடி, சமையலறை மேடையில் வையுங்கள். அந்தக் கிரீம் கடும் வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது என்பதால் அதில் உயிருள்ள நுண்ணுயிர் இருக்காது. உறை ஊற்றாமல் வைத்தால் அது புளிக்காது, கெட்டுத்தான் போகும். சென்னை வெயிலில் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் புளித்துக் கெட்டிப்படத் தொடங்கும். இருபது டிகிரி உள்ள அறையில் இதே வேலைக்கு ஒரு நாள் முழுவதும் ஆகும். பிறகு குளிர்பதனப் பெட்டியில் நான்கு மணி நேரமாவது வைக்க வேண்டும், அங்கேதான் அது உண்மையாகக் கெட்டியாகும். முதல் நாள் காலையில் தொடங்கினால் மறுநாள் மதிய உணவுக்குத் தயாராக இருக்கும்.

அதற்கும் நேரமில்லையென்றால், குளிர்ந்த ஃப்ரெஷ் கிரீம் இரண்டு பங்கு, துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிட்டு நீர் வடித்த முழுக்கொழுப்புத் தயிர் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். கொழுப்பளவு ஏறத்தாழ அந்த 18 சதவீதத்துக்கு வந்துவிடும், புளிப்பும் போதும். தயிரை மட்டும் வடித்துப் பயன்படுத்துவது இதற்கும் ஒரு படி கீழே. இன்றைய போலந்தில் உடல் எடையைக் கருதித் தயிரில் செய்பவர்கள் ஏராளம், அதையும் மிஸேரியா என்றே அழைக்கிறார்கள். ஆனால் உங்கள் நினைவில் இருக்கும் அந்தச் சுவை வேண்டுமென்றால் பாலேடு இல்லாமல் முடியாது. மயோனைஸ் ஊற்றும் யோசனையை அறவே விட்டுவிடுங்கள்.

புளிப்புக்கு எலுமிச்சையா வினிகரா? இரண்டுமே மரபுதான். வினிகர் என்றால் ஓர் எச்சரிக்கை உண்டு. போலந்துக் கடைகளில் சாதாரணமாக விற்கும் வெள்ளை வினிகர் 10 சதவீத வலிமை உடையது, நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீதம். போலந்துக் குறிப்பில் ஒரு தேக்கரண்டி என்றிருந்தால் இங்கே இரண்டரைத் தேக்கரண்டி வேண்டும். அவ்வளவு நீர்மம் சேர்ந்தால் கிரீம் இளகிவிடும். ஆகவே எலுமிச்சையே மேல். அரைக் கிலோ காய்க்கு ஒன்றரைத் தேக்கரண்டிச் சாறு. அதோடு அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை. சர்க்கரை என்றதும் தயங்க வேண்டாம், புளிப்பின் முனையை மழுக்குவதற்கே அது, இனிப்பாக உணர்த்துவதற்கு அன்று. சில குடும்பங்களில் இனிப்பு வெளிப்படையாகத் தெரியும்படியே செய்வார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறெதுவும் மிஸேரியாவாகத் தோன்றாது.

சதகுப்பைக் கீரையை விட்டுவிட்டுச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் போலந்தை நினைவூட்டும் மணம் அதில்தான் இருக்கிறது. அங்கே அதைச் செல்லமாக ‘கொப்பெரெக்’ என்பார்கள். கோடையில் வேகவைத்த புது உருளைக்கிழங்கின் மேலும், சூப்பின் மேலும், மீனின் மேலும் அது தூவப்படாத வீடே இராது. நமக்கும் அது முற்றிலும் அந்நியமானதன்று: சதகுப்பை விதை நாட்டுமருந்துக் கடையில் கிடைப்பது, குழந்தைகளுக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டரில் வரும் மணமும் அந்த விதையின் எண்ணெயிலிருந்து வருவதுதான். கீரையாக அதைக் கர்நாடகத்தில் சப்பசிகெ சொப்பு என்று அன்றாடம் சமைக்கிறார்கள்; தமிழ்நாட்டில் பெரிய காய்கறிக் கடைகளில் தேடினால் கிடைக்கும். நம் பக்கத்து வகையின் மணம் ஐரோப்பிய வகையைவிடச் சற்றுக் காரமாக இருப்பதால், அளவைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி நறுக்கிய இலைக்குப் பதில் ஒன்றரை மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த தண்டை நீக்கிவிட்டு, கலக்கும் நேரத்தில்தான் நறுக்க வேண்டும், ஏனெனில் அதன் மணம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. முன்கூட்டி நறுக்கி வைத்தால் பச்சை நிறம் மட்டும்தான் மிஞ்சும். எங்கு தேடியும் கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மிக மெல்லியதாக நறுக்கிச் சேர்க்கலாம், அதுவும் போலந்தில் வழக்கத்தில் உள்ளதே. கொத்தமல்லியும் புதினாவும் இந்த இடத்துக்கு வேண்டாம். அவை வந்த நொடியில் நாக்கு பச்சடியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். பூண்டு சேர்த்தால் கிரேக்கர்களின் தயிர் வெள்ளரிப் பச்சடியான ட்ஸாட்ஸிகியை நோக்கிப் போய்விடும்.

இனி கலப்பது. பிழிந்த வில்லைகளைப் பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருங்கள். வேறொரு கிண்ணத்தில் 150 மில்லி புளித்த பாலேடு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்தால், சாறு பட்டதும் பாலேடு இன்னும் கொஞ்சம் கெட்டியாவதைக் கரண்டியிலேயே உணரலாம். இதைத் தனியாகச் சுவைத்துப் பாருங்கள். புளிப்பு முன்னால் வந்து, இனிப்பு பின்னால் நிழல்போல் நிற்க வேண்டும். உப்பே இல்லாததுபோல் தோன்றும், கவலைப்பட வேண்டாம், அது வெள்ளரியில் இருக்கிறது. பிறகு கீரையையும் வில்லைகளையும் சேர்த்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் வில்லைகளை விரலால் பிரித்துவிட்டு, அடியிலிருந்து மேலாக இரண்டு மூன்று முறை புரட்டினால் போதும். இது நான்கு பேருக்குத் தொடுகறியாக வரும். கலந்ததிலிருந்து பத்து நிமிடம் கழித்துத்தான் சுவைகள் கூடும், அரை மணி நேரத்துக்குப் பிறகு பிழிந்த காயும்கூட மெல்ல நீர் விடத் தொடங்கும். இந்த இடைவெளிக்குள் பரிமாறிவிடுங்கள். விருந்துக்குச் செய்வதானால் வில்லைகளையும் கிரீமையும் தனித்தனியே குளிரவைத்து, முதல் உணவான சூப்பை மற்றவர்கள் குடிக்கும் நேரத்தில் கலப்பதே போலந்து இல்லத்தரசிகளின் வழக்கம்.

எதனோடு சாப்பிடுவது என்பதையும் சொல்லாவிட்டால் பதில் அரைகுறையாகிவிடும். போலந்து ஞாயிற்றுக்கிழமை மதிய உணவில் முதலில் ‘ரோஸூவ்’ எனப்படும் தெளிந்த கோழிச் சூப்பு. அடுத்து ரொட்டித்தூள் பூசிப் பொரித்த பன்றி இறைச்சித் துண்டான ‘கோட்லெட் ஸ்ஹாபோவி’, வெண்ணெயும் சதகுப்பையும் தூவிய உருளைக்கிழங்கு, பக்கத்தில் மிஸேரியா. சூடான, எண்ணெய் ஏறிய இறைச்சிக்கும் மாவுத்தன்மை உள்ள கிழங்குக்கும் நடுவே இந்தக் குளிர்ச்சியும் புளிப்பும் எவ்வளவு தேவை என்பது ஒரு வாய் சாப்பிட்டால் புரிந்துவிடும். ‘பார் ம்லெச்னி’ என்ற மலிவு உணவகங்களிலும் கோடையில் சிறு கிண்ணத்தில் இதைத் தனியே வாங்கலாம். இறைச்சி சாப்பிடாதவர்கள் ஏமாற வேண்டியதில்லை. வேகவைத்த சிறு உருளைக்கிழங்கு, மஞ்சள்கரு உடையாமல் பொரித்த ஒரு முட்டை, மிஸேரியா ஆகிய மூன்றும் சேர்ந்த தட்டு போலந்து வீடுகளில் வெயில்கால மதியத்துக்கு முழு உணவாகவே கருதப்படுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். முட்டையும் வேண்டாதவர்கள் கிழங்கை மட்டும் வெண்ணெயில் புரட்டிச் சாப்பிடலாம். கிழங்கு ஆவி பறக்கச் சூடாக இருக்க வேண்டும், சாலட் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும்.

வெள்ளரியோடு தக்காளியையும் நறுக்கிப் போடலாமா என்று போலந்து மூத்தோரிடம் கேட்டால் உடனே கை உயர்த்தித் தடுப்பார்கள். வெள்ளரியில் வைட்டமின் சியைச் சிதைக்கும் ஒரு நொதி இருப்பதால் இரண்டையும் சேர்க்கக் கூடாது என்பது அங்கே பலரும் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. நொதி இருப்பது உண்மைதான். புளிப்பு அதன் வேகத்தைக் குறைக்கும் என்பதும் உண்மை. என்னைக் கேட்டால் தக்காளியைத் தவிர்ப்பதற்குக் காரணம் வைட்டமின் அன்று, அதன் சாறு. இவ்வளவு பாடுபட்டு நீரை வெளியேற்றிவிட்டு, தக்காளி வழியாக அதைத் திரும்பக் கொண்டுவருவதில் பொருள் இல்லை. முள்ளங்கியின் மெல்லிய வில்லைகள் சிலவற்றைச் சேர்ப்பதில் தடையில்லை.

பெயரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மிஸேரியா என்பது துன்பம், வறுமை என்று பொருள்படும் இலத்தீன் சொல். போலந்து மொழியிலும் அதே சொல் ஏழ்மையைக் குறிக்கிறது. ஏழைகளின் வீட்டிலும் இருக்கக்கூடிய பொருள்களால் ஆன உணவு என்பதால் இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மற்றொன்று செவிவழிக் கதை. இத்தாலியில் பிறந்து, 1518இல் அரசர் முதலாம் ஸிக்முந்த்தை மணந்து க்ராகோவுக்கு வந்த அரசி போனா ஸ்ஃபோர்ஸா, தாய்நாட்டு நினைவில் இந்தச் சாலட்டைச் செய்யச் சொல்லி, சாப்பிடும்போதெல்லாம் கண்ணீர் விட்டார் என்றும், அந்தத் துயரமே பெயராயிற்று என்றும் சொல்வார்கள். வரலாற்றுச் சான்று உள்ள செய்தியாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அரசியின் பெயர் போலந்துச் சமையலறையில் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்குக் காரணம் உண்டு. சூப்புக்காகக் கேரட், பார்ஸ்லி வேர், செலரி வேர், லீக் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி விற்கும் காய்கறிக் கட்டுக்கு இன்றும் அங்கே ‘இத்தாலியச் சரக்கு’ என்று பொருள்படும் சொல்தான் வழங்குகிறது. அந்தக் காய்கறிகள் அவர் காலத்தில் பரவியவை என்று மக்கள் அந்தப் பெயரை அவரோடு சேர்த்தே சொல்வார்கள். வெள்ளரிக்காயின் பயணம் அதைவிட நீளமானது. அதன் காட்டு மூதாதை இமயமலை அடிவாரத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் பயிராக்கப்பட்டு மேற்கே போய், கிரேக்கரின் சொல் வழியாகப் போலந்தில் ‘ஒகுரெக்’ ஆயிற்று, அங்கிருந்து ஜெர்மானியரின் ‘குர்க்கெ’ ஆயிற்று.

மிஞ்சினால் என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் கெட்டுப் போயிருக்காது, ஆனால் அடியில் நீர் சேர்ந்திருக்கும், கீரை கறுத்திருக்கும். அந்த நீரை மட்டும் சாய்த்து ஊற்றிவிட்டு, ஒரு கரண்டி புதுப் பாலேடும் புதிதாக நறுக்கிய சிறிது கீரையும் சேர்த்துப் புரட்டினால் ஒருவேளைக்குத் தாங்கும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததை மட்டும் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். உப்பிட்டுப் பிழிந்து, கிரீம் சேர்க்காத வில்லைகளாக இருந்தால் மூடிய டப்பாவில் மறுநாள் வரை நன்றாகவே இருக்கும். ஆகவே நாளைக்கும் வேண்டும் என்று தெரிந்தால், இன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் கிரீமைக் கலந்துகொள்ளுங்கள்.